கிழக்குப் பார்த்த வளைவு

சுபா போன் செய்தபோது நான் மொட்டை மாடியில் கூழ்வற்றலுக்குக் காவல் இருந்தேன். காலமெல்லாம் காட்டைக் காத்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கொடுத்திருக்கிற பொறுப்பு இது. காக்கைகளுக்கு என் பழைய பதவியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

சுபா இப்போது புளியங்குடிக்கு மேற்கே, நான் கடைசியாக வேலை பார்த்த அதே பகுதிக்கு வனவராக வந்திருக்கிற பெண். கெட்டிக்காரி. சந்தேகம் என்றால் கூச்சப்படாமல் கேட்பாள்.

"சார், நெல்லிப்பாறைப் பாதையில மூணாவது வளைவு ஞாபகம் இருக்கா?"

"கல்யாண நாள் மறந்தாலும் அது மறக்காது. சொல்லும்மா." மனைவி மேரி பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"அங்க வெளிப்பக்கம் ஒரு கல்லுக்கட்டு இருக்குல்லா. அதைப் பிரிச்சிட்டு கான்கிரீட் சுவர் போடுறதா இருக்கோம். ஆனா அதுல ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் யாரோ மஞ்சள் பூசிட்டுப் போறாங்க. காய்ஞ்சதும் திரும்பப் பூசுறாங்க. அது என்ன கல்லு சார்?"

அவள் கவலையில் நியாயம் இருந்தது. அந்தப் பாதைக்கு இப்போது போனிலேயே முன்பதிவு செய்துகொண்டு வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். மூன்றாவது வளைவில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவருக்கொருவர் வழிவிட இடம் போதவில்லை. போன வாரம் ஒருவர் ஒதுங்கி நிற்கப் போய்ச் சறுக்கி, கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். ஆகையால் வளைவை அகலப்படுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை நான் வாரேன். அதுவரைக்கும் பிரிக்காதே" என்றேன்.

"முழங்கால்கிட்ட கேட்டீங்களா?" என்று கீழேயிருந்து மேரியின் குரல் வந்தது. அவளுக்கு எல்லாம் கேட்கும். நான் முழங்காலிடம் கேட்கவில்லை. ஞாயிறு வரை சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு மரங்களின் லத்தீன் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டவும், மரத்தின் சுற்றளவை அளக்கவும், கோர்ட்டில் சாட்சி சொல்லவும் பழக்கினார்கள். மனிதர்கள் உல்லாசமாக நடந்துபோக ஒரு பாதை போட வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எங்களைப் பொறுத்தவரை காட்டுக்குள் வருகிறவன் விறகுக்கு வருவான், வேட்டைக்கு வருவான், அல்லது குடிக்க வருவான். மூன்று பேரையும் விரட்ட வேண்டும். நானும் பல வருஷம் தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு விரட்டியவன்தான்.

தமயந்தி அம்மா ரேஞ்சராக வந்த பிறகுதான் இது மாறியது. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் சங்கரன்கோவில் ஆட்கள். தறியில் வேலை செய்கிறவர்கள், கடைச் சிப்பந்திகள், கைக்குழந்தைக்காரிகள். கையில் தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கி, திசைக்கு ஒருவராகக் காட்டுக்குள் நுழைந்தார்கள்.

"இவங்களை விரட்டினா நாளைக்கு வேற பக்கமா வருவாங்க சாமுவேல். ஒரே வழியா நடக்க வச்சா, மிச்சக் காடு நிம்மதியா இருக்கும். வாரம் பூரா தறிச் சத்தத்துல கிடக்கிறவங்க. ஒரு நாள் மூச்சு விட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

நெல்லிப்பாறைப் பாதை அப்படித்தான் பிறந்தது. அதை அவர் திட்டமிட்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் பழைய சேலைகளைக் கிழித்து, போகவேண்டிய வழியெங்கும் செடிகளில் கட்டச் சொன்னார். பிறகு எங்களை மேலே ஏறச் சொன்னார். ஏறும்போது பேசிக்கொண்டே ஏற வேண்டும். எந்த இடத்தில் பேச்சு நின்று மூச்சு வாங்குகிறதோ, அங்கே சரிவு அதிகம் என்று அர்த்தம். உடனே துணியை அவிழ்த்து வேறிடத்தில் கட்டுவார். வேட்டைத் தடுப்புக் காவலர் இசக்கி மூச்சு வாங்காமல் பேசக் கூடியவர் என்பதால் அவரை இந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டோம்.

மழை வந்தால் நாங்கள் ஷெட்டுக்குள் ஓடுவோம், அவர் குடையை விரித்துக்கொண்டு வெளியே போவார். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் பாதையிலேயே ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது என்று நனைந்தபடி பார்ப்பார். மழை விட்ட பிறகு குடையின் கம்பியால் தரையில் கோடு கிழிப்பார். அந்தக் கோட்டில் பட்டைக் கற்களைக் குறுக்காக, கொஞ்சம் சாய்வாகப் பதிப்போம். ஓடி வருகிற தண்ணீர் அந்தக் கல்வரிசையில் மோதி வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். பாதை தப்பித்துக்கொள்ளும்.

யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை. வளைவைச் சுற்றாமல் குறுக்கே ஏறிப் போகிறவர்களைத் தடுக்க நான் முள் வெட்டிப் போட்டபோது, "வளைவுல அவங்களுக்கு ஒண்ணுமே இல்லை, அதான் குறுக்கே போறாங்க" என்று முள்ளை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது ஒன்று வைத்தார். ஓரிடத்தில் உட்கார ஒரு பாறை, ஓரிடத்தில் நிழல். மூன்றாவது வளைவில் மறைத்துக்கொண்டிருந்த புதரைக் கழிக்கச் சொன்னார். கிழக்கே சமவெளி முழுக்கத் திறந்துகொண்டது. எலுமிச்சைத் தோட்டங்கள், குளங்கள், அதற்கப்பால் வெயிலில் மங்கிய ஊர்கள். தெளிவான நாளில் சங்கரன்கோவில் கோபுரம் தெரியும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

பாதை நன்றாகத்தான் இருந்தது. பிறகு யாரோ ஒருவர் உச்சியில், நெல்லிப்பாறை மேல், கல்லின் மேல் கல் வைத்துச் சின்னதாக ஒரு வீடு கட்டிவிட்டுப் போனார். மலைக்கோவில்களில் பார்த்திருப்பீர்கள். சொந்த வீடு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கல் அடுக்கினால் வீடு அமையும் என்பது நம்பிக்கை. நெல்லிப்பாறையில் கோவிலும் கிடையாது, சாமியும் கிடையாது. நம் ஜனங்களுக்கு அது ஒரு தடையா? ஒன்று பத்தாகி, பாறை முழுக்க ஒரு காலனியே முளைத்தது. கீழ்வீடு, மாடிவீடு, காம்பவுண்டுச் சுவரோடு ஒன்று.

அதற்குக் கல் வேண்டுமே. உச்சியில் இருந்தது வழுவழுத்த மொத்தப் பாறை. ஆகையால் ஏறி வரும்போதே பாதையிலிருந்து எடுத்து வந்தார்கள். பட்டையாக, ஆடாமல் உட்காருகிற கல்லாகப் பார்த்து நாங்கள் பொறுக்கிப் பதித்திருந்தோம். அவர்களுக்கும் அதே கல்தான் பிடித்தது. வருகிறவர் ஆளுக்கு ஒன்றாகப் பெயர்த்துக்கொண்டு போக, தண்ணீரை ஒதுக்கிய வரிசைகள் பொக்கைவாயாகிவிட்டன. மூன்றாவது வளைவின் வெளிப்பக்கம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த கட்டும் காணாமல் போனது. ஒரு கோடைமழையில் வளைவின் பாதி கீழே போய்விட்டது.

மேலிடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். ஐப்பசி மழைக்குள் சரியாகாவிட்டால் பாதையை மூடிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மேல போயி எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு வாங்கவே" என்று காவலர்களிடம் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இசக்கி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நீங்களே எடுங்க சார். எங்க வீட்டுக்காரியும் அங்கன ஒண்ணு வச்சிருக்கா. எதுன்னு எனக்குத் தெரியாது. நான் கை வைக்கிறது எங்க வீடா இருந்துட்டா என்ன செய்ய?"

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இதுல நம்பிக்கையும் கிடையாது, தோஷமும் கிடையாது" என்று சொல்லிவிட்டு நானே ஏறினேன். ஓரமாக இருந்த ஒன்றில் கை வைத்தேன். ஐந்தாறு கல், மேலே கூரையாக ஒரு அகலமான பட்டைக் கல். அருமையான கல். அதைத் தூக்கிய நேரம் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"சார், அது எங்க வீடு."

திரும்பினால் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். ஏறி வந்த களைப்பில் முகம் வேர்த்திருந்தது. அவளுக்குப் பின்னால் அவள் கணவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். உலகம்மாளும் குருசாமியும் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். சங்கரன்கோவிலில் அவர் கூலிக்குத் தறி ஓட்டினார். அவள் பூ மார்க்கெட்டில் வாங்கி வீட்டில் வைத்துக் கட்டி விற்றாள்.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்துக் குரலைத் தயார் செய்துகொண்டேன். அவளோ மெதுவாகக் கேட்டாள்.

"அதை எங்க சார் கொண்டுட்டுப் போறீய?"

"பாதைக்கும்மா. எல்லாரும் கல்லை உருவிட்டு வந்ததுல வளைவே இடிஞ்சு போச்சு. நீங்க வரும்போது பாக்கலையா?"

"பாத்தோம். இவுகளைக் கையைப் பிடிச்சுத்தான் தாண்ட வச்சேன்." என் கையில் இருந்த கல்லைக் காட்டினாள். "இந்தக் கல்லு அங்கன இருந்து எடுத்ததுதான் சார். நாந்தான் எடுத்தேன்."

பிறகு அவளாகவே சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். பூ கட்டுகிற ஈரச் சாக்கைத் தரையில் போடக் கூடாது என்று ஒரு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னாராம். ராத்திரி இருமல் சத்தம் தாங்கவில்லை என்று இன்னொருவர். "ஆணி அடிக்கக்கூட அனுமதி கேக்கணும் சார். சாமி படத்தைச் சுவத்துல சாத்தித்தான் வச்சிருக்கோம்."

என் கையில் இருந்த கல் கனத்தது. அதைத் திரும்ப வைத்தால் வளைவு போகும், பாதை போகும், இந்த மனிதர் ஏறி வந்து மூச்சு விட ஓர் இடமும் இல்லாமல் போகும். கொண்டுபோனால் இவள் வீட்டுக் கூரையைப் பிரித்தவனாகிவிடுவேன். தோஷம் கிடையாது என்று பெருமை பேசியவன் கல்லும் கையுமாக நின்றேன்.

"தாங்க சார். நானே கொண்டாரேன். எடுத்த இடத்துல நானே வச்சிருதேன்" என்று அவள் கையை நீட்டினாள்.

கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது வளைவில் தமயந்தி அம்மா இடிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நான் சொல்லும்போது உலகம்மாள் அதைக் கவனிக்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இங்கன வாங்களேன். அந்தா தெரியுது பாருங்க நம்ம கோபுரம்! கிழக்குப் பாத்த வாசல்லா இது!" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

மண்ணைச் செதுக்கி இசக்கி இடம் செய்து கொடுத்தார். கல்லின் நீளவாட்டம் கரைக்குள் போக வேண்டும், முகம் கொஞ்சம் உள்ளே சாய வேண்டும், சந்தில் சில்லுக் கல் இறுக்க வேண்டும். சொன்னபடி அவளே செய்தாள். எந்தக் கல் பதித்தாலும் தமயந்தி அம்மா இரண்டு காலாலும் அதன்மேல் ஏறி நின்று பார்ப்பார். ஆடினால் பெயர்த்து மறுபடியும் வைக்க வேண்டும். இதன் மேலும் வழக்கம்போல் ஏறினார்.

"அம்மா, வீட்டு மேல செருப்புக் காலோட நிக்கீயளே" என்றாள் உலகம்மாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. ரேஞ்சரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று பயந்துவிட்டாள்.

தமயந்தி அம்மா கீழே இறங்கினார். ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். காலுறையையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு திரும்ப ஏறி நின்று பார்த்தார். கல் ஆடவில்லை.

"இங்கன வச்சா வீடு வரும்லாம்மா?"

"வரும்னு நான் சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தக் கல்லை இங்கேருந்து யாரும் எடுக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மிச்ச வேலையை உலகம்மாள் பார்த்துக்கொண்டாள். வீடு வேண்டுகிறவர்கள் கல் கொண்டு வரவும் என்று அரசாங்கம் போர்டு வைக்க முடியாது அல்லவா? அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே அடிவாரத்தில் நின்றாள். மலையடியில் எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர் கிணறு வெட்டிய கல்லைக் குவித்து வைத்து, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருந்தார். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். "மேல வச்சா அடுத்தவுக எடுத்துருவாக. வளைவுல வச்சா நிலைச்சு நிக்கும், கிழக்குப் பாத்த வாசலு" என்று போகிற வருகிறவர்களிடம் உலகம்மாள் சொல்ல, ஆளுக்கொரு கல் மலையேறியது. பாறை மேல் ஏற்கெனவே வீடு கட்டியிருந்தவர்களும் தாங்களே பிரித்துக்கொண்டு இறங்கினார்கள். இசக்கியின் மனைவியும் வந்து தன் வீட்டை அடையாளம் காட்டினாள். அவருக்கு அன்றுதான் நிம்மதி.

கல்லூரிப் பையன்கள் தூக்க முடியாத கல்லைத் தூக்கிக்கொண்டு முனகினார்கள். ஒருவர் மூன்று கல்லோடு வந்தார். "என்ன அண்ணாச்சி, மூணு வீடா?" என்று இசக்கி கேட்டதற்கு, "மூணும் பொட்டப்பிள்ளைய்யா. கல்லுலயாவது ஆளுக்கொண்ணு இருக்கட்டும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. இசக்கி மூன்றையும் அருகருகே பதித்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் சும்மா ஊற்றியது. தமயந்தி அம்மா குடையோடு கிளம்பினார். இந்த முறை நானும் ஷெட்டில் இருக்கவில்லை. செம்மண் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து, குறுக்கே பதித்த கல்லில் மோதி, ஒதுங்கி, வெளியே விழுந்தது. வளைவில் ஒரு பிடி மண் நகரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே குடைக்குள் தயிர்சாதம் சாப்பிட்டோம். எனக்கு ஏனோ அழுகை வந்தது. மழையில் யார் கண்டார்கள்?

பாதையை மூடவில்லை. மாற்றலாகிப் போகும் அன்று தமயந்தி அம்மா என்னிடம், "அந்தக் கல்லுக்கு நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன். இனிமே அது உங்க பொறுப்பு" என்றார். நான் ஓய்வு பெறும்போது எனக்குப் பின் வந்தவரிடம் சொன்னேன். அவர் எங்கோ மாறிப் போனார், பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. சுபாவுக்குத் தெரிய வழியில்லை.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் போய் விசாரித்தேன். உலகம்மாள் இன்னும் அங்கேதான் பூ வாங்க வருகிறாள். தலை நரைத்திருந்தது. குருசாமி போன வருஷம் இறந்துவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"மஞ்சள் பூசுறது நீங்களா?" என்று கேட்டேன்.

"நாந்தான் சார். முன்னாடி சும்மா பாத்துட்டு வந்துருவோம். இவுக போன பிறகுதான் பூசுதேன். நான் இனிமே பூசிக்கிட முடியாது. வீட்டு நிலைவாசலுக்குப் பூசலாம்லா?"

எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டேன். புது இடம், வாடகைதான் என்றாள். கல்லுக்கட்டைப் பிரிக்கப்போகிற விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு நானும் வாரேன், சேர்ந்து போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் அவள் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். ஏற எனக்குத்தான் நேரமானது. அவள் இரண்டு இடத்தில் எனக்காக நின்றாள். மூன்றாவது வளைவில் சுபா அளவு நாடாவோடு நின்றிருந்தாள். கல்லுக்கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, இடிக்க வேண்டிய இடத்துக்குச் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருந்தது. மஞ்சள் பூசிய கல்லின் மேலும் அந்தக் கோடு போயிற்று.

உலகம்மாள் அதைப் பார்த்தாள். சுபாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்.

"என்ன சார், காலி பண்ணச் சொல்லுதாவளா?"

நான் சுபாவைப் பார்த்தேன். அங்கே எனக்கு இப்போது எந்த அதிகாரமும் இல்லை. 

சுபா எங்கள் இருவரையும் பார்த்தாள். "இது யாரு கல்லும்மா?" என்று உலகம்மாளிடமே கேட்டாள். உலகம்மாள் சொன்னாள். கணவரைக் கையைப் பிடித்துத் தாண்ட வைத்தது, கூரைக் கல்லைக் கொண்டு வந்து பதித்தது, கோபுரம் தெரிந்தது எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். பூட்ஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. ரேஞ்சரை அப்படிப் பேசிவிட்ட சங்கடம் அவளுக்கு இன்னும் இருந்திருக்கலாம்.

"வீடு வந்துச்சா?"

"வரலை தாயி. எத்தனையோ வீடு மாறிட்டோம். இதை மட்டும்தான் யாரும் காலி பண்ணச் சொல்லலை."

 சுபா பாதையைக் கடந்து மலைப்பக்கம் போனாள். ஒரு இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்தாள், நாடாவைப் பிடித்து அளந்தாள், இன்னோர் இடத்தில் குத்திப் பார்த்தாள். 

"உள்பக்கம் பாறை இல்லை சார், மண்ணுதான். இந்தப் பக்கம் வெட்டி அகலப்படுத்திக்கிடலாம். நான் எழுதி அனுப்புறேன். மேலிடத்துல கேட்டா பதில் சொல்லிக்கிடுறேன்" என்றாள். உலகம்மாளிடம் திரும்பி, "காலி பண்ண வேண்டாம்மா" என்றாள்.

உலகம்மாள் முந்தானையால் அந்தச் சிவப்புக் கோட்டைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. இருக்கட்டும் என்பதுபோல் கையை எடுத்துக்கொண்டு, தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். புளியோதரை வாசனை வந்தது.

"அப்பம் ரெண்டு பேரும் உக்காருங்க. வீடு வரைக்கும் வந்துட்டுச் சாப்பிடாம போகக் கூடாது."

நான் கல்லுக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சுபா குனிந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் கழற்றிப் பாதையோரமாக வைத்துவிட்டு வந்தாள்.